பையில் ஒரு மாத்திரை: சில குறிப்புகள்

சாஃபோர்டு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் தென்கிழக்கே இருக்கும் சிறிய ஊர். 2003 அக்டோபரில் அங்குள்ள நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்த சவானா ரெட்டிங்குக்கு வயது 13. உதவித் தலைமையாசிரியர் கணக்கு வகுப்பிலிருந்து அவளைத் தன் அறைக்கு அழைத்துப்போனார். மேசைமேல் ஒரு நாட்குறிப்பேடு திறந்து கிடந்தது. அதற்குள் கத்திகள், லைட்டர்கள், ஒரு சிகரெட். ஏடு என்னுடையதுதான், சில நாள் முன்பு தோழிக்கு இரவல் கொடுத்தேன், உள்ளே இருப்பது எதுவும் என்னுடையதில்லை என்றாள் சவானா. அடுத்து அவர் மாத்திரைகளைக் காட்டினார். நான்கு வெள்ளை, ஒரு நீலம். வெள்ளை, 400 மில்லிகிராம் ஐபுபுரூஃபன். நீலம், 200 மில்லிகிராம் நாப்ராக்சன். இரண்டும் வலி மாத்திரைகள். நம் ஊரில் பல்வலிக்கும் மூட்டுவலிக்கும் புரூஃபன் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் அந்த வெள்ளை மாத்திரை.

எனக்குத் தெரியாது என்றாள். பையைச் சோதிக்கச் சம்மதித்தாள். பையில் ஒன்றும் இல்லை. பிறகு அவளை நர்ஸ் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு பெண் ஊழியர்கள் அவள் ஆடைகளைக் களையச் சொல்லி, உள்ளாடையையும் விலக்கி உதறிக் காட்டச் சொன்னார்கள். அப்போதும் ஒன்றும் கிடைக்கவில்லை. அழப்போவது தெரிந்துவிடக் கூடாது என்று தலையைக் குனிந்தே நின்றதாக அவள் பின்னர் நீதிமன்றத்தில் சொன்னாள்.

*

சந்தேகம் எங்கிருந்து வந்தது? சக மாணவி ஒருத்தியின் வாயிலிருந்து. மாத்திரைகளும் ஒரு சவரக்கத்தி பிளேடும் அந்த மாணவியின் சட்டைப்பையிலிருந்து எடுக்கப்பட்டவை. கையும் களவுமாகப் பிடிபட்ட பிள்ளை, 'அவள்தான் கொடுத்தாள்' என்று இன்னொரு பெயரைச் சொன்னது. எப்போது கொடுத்தாள், எங்கே வைத்திருக்கிறாள், இன்னும் அவளிடம் இருக்கிறதா என்று யாரும் துருவிக் கேட்கவில்லை.

பள்ளியின் அச்சம் பொய்யானது என்று சொல்ல மாட்டேன். அதற்குச் சில நாள் முன்புதான் ஒரு மாணவன், வகுப்புத் தோழன் தந்த மாத்திரையைத் தின்று உடம்புக்கு முடியாமல் போனதாகச் சொல்லியிருந்தான். மதிய உணவு வேளையில் சிலர் மாத்திரை விழுங்கப் போகிறார்கள் என்றும் தகவல் வந்திருந்தது. பிள்ளைகளைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. விசாரிக்க வேண்டியதுதான். பையைப் பார்த்ததுகூடச் சரி என்றே பின்னால் நீதிமன்றமும் சொன்னது. பை காலியாக இருந்தபின் நடந்ததுதான் விவகாரம்.

அந்தப் பள்ளி மாவட்டத்தின் விதி இப்படி: அனுமதி பெறாத எந்த மருந்தும் வளாகத்தில் இருக்கக் கூடாது, மருத்துவர் எழுதித் தந்ததாக இருந்தாலும் சரி, கடையில் சீட்டில்லாமல் வாங்கியதாக இருந்தாலும் சரி. போதைப்பொருளுக்கும் தலைவலி மாத்திரைக்கும் ஒரே வரி. இப்படிப்பட்ட விதி இன்றும் பல மாவட்டங்களில் இருக்கிறது.

*

பின்னர் உச்ச நீதிமன்றம் வரை போன இந்த வழக்கில் என்னை அதிகம் வதைப்பது சோதனைக்குப் பிறகு நடந்தது. உதவித் தலைமையாசிரியரின் அறைக்கு வெளியே ஒரு நாற்காலியில் சவானாவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைத்தார்கள். தாயாருக்குத் தொலைபேசி போகவில்லை. சோதனைக்கு முன்பும் போகவில்லை, பின்பும் போகவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தன் தனிக் கருத்தில் இந்த இரண்டு மணி நேரத்தைக் குறிப்பிட்டு எழுதினார். வாய்மொழி வாதம் முடிந்து தீர்ப்பு வராத இடைவெளியில், ஒரு செய்தித்தாள் பேட்டியில், தன் சக நீதிபதிகள் யாரும் 13 வயதுச் சிறுமியாக இருந்ததில்லை என்ற பொருள்பட அவர் சொன்னதும் பலருக்கு நினைவிருக்கும். அப்போது ஒன்பது பேரில் அவர் ஒருவர்தான் பெண்.

*

தாய் வழக்குப் போட்டார். முதல் நீதிமன்றத்தில் தோல்வி. மேல்முறையீட்டில் மூவர் அமர்விலும் தோல்வி. அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிந்த அமர்வு 2008இல் தீர்ப்பைத் திருப்பியது. 2009 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் அந்தச் சோதனை, நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தத்துக்கு விரோதம் என்றது. தீர்ப்பை எழுதியவர் டேவிட் சூட்டர். ஓய்வு பெறுவதற்குச் சில நாட்களே இருந்தன அவருக்கு.

சூட்டர் கேட்ட கேள்விகள் இரண்டு. இந்த மாத்திரையின் வீரியத்தாலோ எண்ணிக்கையாலோ மாணவர்களுக்கு ஆபத்து என்று நினைக்க ஏதாவது காரணம் இருந்ததா? அவள் அதை உள்ளாடையில் ஒளித்திருப்பாள் என்று நினைக்க ஏதாவது காரணம் இருந்ததா? இரண்டுக்கும் விடை இல்லை. வீட்டில் அம்மா கேட்டிருக்கக்கூடிய கேள்விகள்தான். கேட்க ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

மாறுபட்டவர் கிளாரன்ஸ் தாமஸ். பள்ளி, பெற்றோரின் இடத்தில் நிற்கிறது, ஒழுங்கை அதன் கையில் விட்டுவிட வேண்டும், நீதிபதிகள் தலையிடக் கூடாது என்பது அவர் கட்சி. எனக்கு அது ஒப்பவில்லை. பெற்றோரின் இடத்தில் நிற்பவருக்குப் பெற்றோரின் பதைப்பும் இருக்க வேண்டும். அது இருந்தால் அந்த நாற்காலியில் இரண்டு மணி நேரம் கழிந்திராது.

வென்ற வழக்குதான், ஆனால் பாதி வெற்றி. சட்டம் அப்போது தெளிவாக இல்லை என்பதால் அந்த ஊழியர்கள் தனிப்பட்ட முறையில் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள். கின்ஸ்பர்க்கும் ஜான் பால் ஸ்டீவன்ஸும் மட்டும் அதை ஏற்கவில்லை. சட்டம் 1985இலேயே தெளிவாக இருந்தது என்பது அவர்கள் வாதம். நானும் அவர்கள் பக்கம்தான்.

*

1985 என்று ஏன் சொன்னார்கள் என்பதைக் குறித்துவைக்கிறேன். நியூ ஜெர்சியில் கழிப்பறையில் புகைபிடித்ததாக 14 வயது மாணவி ஒருத்தி பிடிபட்டாள். அவள் கைப்பையைப் பள்ளி அதிகாரி சோதித்தார். நீதிமன்ற ஏடுகளில் அவளுக்குப் பெயர் இல்லை, டி.எல்.ஓ. என்ற முதலெழுத்துகள் மட்டும். அந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளி ஊழியரும் நான்காம் திருத்தத்துக்குக் கட்டுப்பட்டவரே என்று சொன்னது. போலீசைப் போல வாரண்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் சோதனையைத் தொடங்க நியாயமான காரணம் வேண்டும், சோதனை எதைத் தேடுகிறதோ அந்த அளவோடு நிற்க வேண்டும், மாணவரின் வயதையும் பாலினத்தையும் குற்றத்தின் தன்மையையும் பார்த்து அத்துமீறாமல் இருக்க வேண்டும். இந்த அளவுகோல் பதினெட்டு ஆண்டுகளாக எழுத்தில் இருந்தும், சாஃபோர்டில் அன்று காலை யாருக்கும் நினைவு வரவில்லை.

இது அரசுப் பள்ளிகளுக்குத்தான். தனியார் பள்ளியை நான்காம் திருத்தம் கட்டுப்படுத்தாது. அங்கே சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தமும் அந்த மாநிலச் சட்டமும்தான் துணை.

*

இன்னொரு பழைய வழக்கு. 1971, ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரம். பள்ளிகளில் இனப் பிரச்சினையை ஒட்டிக் கொந்தளிப்பு. உணவுக்கூடத்தில் நடந்த சேதத்துக்காக ஒரே நாளில் 75 பேருக்கு மேல் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள். அதில் லோபஸ் என்ற மாணவன், நான் வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றான். அவனை யாரும் கேட்கவில்லை. 1975இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் சொன்னது: பத்து நாளோ அதற்குக் குறைவோ சஸ்பெண்டு செய்வதானாலும், குற்றச்சாட்டு என்ன என்று மாணவரிடம் சொல்ல வேண்டும், அவர் மறுத்தால், கையில் இருக்கும் ஆதாரம் என்ன என்று விளக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும். தண்டனை பத்து நாளைத் தாண்டினால் விசாரணை இன்னும் முறையாக இருக்க வேண்டியிருக்கலாம்.

ஐந்து நிமிடப் பேச்சுக்குத்தான் இந்த உரிமை. வக்கீல் வேண்டாம், சாட்சி வேண்டாம். ஆனாலும் அந்த ஐந்து நிமிடம் சட்டப்படி பிள்ளைக்குச் சொந்தம். மாத்திரை விவகாரங்களில் முதலில் பறிபோவது அதுதான். மாத்திரை மேசைமேல் இருக்கிறது, இனிக் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். யாருடையது, ஏன் கொண்டுவந்தாய், யார் கொடுத்தனுப்பினார்கள், உடம்புக்கு என்ன என்று கேட்க எவ்வளவோ இருக்கிறது.

*

1994இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவரை ஓராண்டுக்கு வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் அந்த மாநிலத்துக்கு மத்திய நிதி இல்லை. அந்தக் கடுமையான சட்டத்திலேயே, ஒவ்வொரு பிள்ளையின் விஷயத்தையும் தனியாகப் பார்த்துத் தண்டனையை மாற்றலாம் என்ற இடம் தலைமை அதிகாரிக்கு விடப்பட்டிருந்தது. பள்ளி மாவட்டங்கள் அந்தக் கடுமையை எடுத்துக்கொண்டு மருந்துக்கும் நீட்டின. தனித்தனியாகப் பார்க்கும் இடத்தைப் பல இடங்களில் விட்டுவிட்டன. துப்பாக்கிக்குக் கிடைத்த நிதானம் மாத்திரைக்குக் கிடைக்கவில்லை.

1996இல் ஒஹாயோவின் ஃபேர்போர்ன் ஊரில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தோழிக்கு மிடால் கொடுத்தாள். மாதவிடாய் வலிக்குக் கடையில் விற்கிற மாத்திரை அது. வாங்கியவளும் தண்டிக்கப்பட்டாள், கொடுத்தவளும் தண்டிக்கப்பட்டாள். கொடுத்தவளுக்கு 'விநியோகம்' என்ற பெயரில் தண்டனை கூடுதல். அவள் குடும்பமும் நீதிமன்றம் போனது.

2003 அக்டோபரிலேயே, சவானாவின் ஊரிலிருந்து வெகுதூரத்தில், டெக்சாஸ் மாநிலத்தில் இன்னொன்று நடந்தது. மூச்சுத்திணறிய தோழியிடம் 15 வயது மாணவன் தன் இன்ஹேலரை நீட்டினான். இருவருக்கும் மருத்துவர் எழுதித் தந்திருந்த மருந்து ஒன்றுதான். அபாயகரமான மருந்தைக் கைமாற்றினான் என்று அவன் கைது செய்யப்பட்டான்.

அமெரிக்க உளவியல் சங்கம் இதற்கென ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது. விதிவிலக்கே இல்லாத இந்தத் தண்டனை முறையால் பள்ளிகள் பாதுகாப்பாகிவிட்டன என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பதே 2008இல் வெளியான அதன் முடிவு. கறுப்பினப் பிள்ளைகள் தங்கள் எண்ணிக்கைக்கு மிஞ்சி சஸ்பெண்டு செய்யப்படுகிறார்கள் என்பதையும் குழு எடுத்துச் சொன்னது. இவ்வளவுக்குப் பிறகும் பழைய விதிகளைக் கட்டிக்காக்கிற மாவட்டங்கள் இருப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

*

அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் வீட்டுக்கு வருவோம். ஊரிலிருந்து வரும் பெட்டியில் ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் பக்கத்தில் ஒரு மருந்துப் பை கட்டாயம் இருக்கும். குரோசின், டோலோ 650, ஜெலுசில், ஓமத் திரவம், விக்ஸ், அமிர்தாஞ்சன். மருந்துக்கடையில் பத்து மாத்திரை அட்டையை நாலு நாலாக வெட்டித் தரும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். அட்டை வெட்டுப்பட்ட துண்டில் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது.

எனக்குத் தெரிந்த குடும்பம். மதுரையிலிருந்து வந்திருந்த பாட்டி, காலையில் பேரனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது. பையனுக்கு அன்று கணக்குத் தேர்வு, லீவு போட மாட்டேன் என்றான். பாட்டி இரண்டு குரோசினை அட்டையோடு வெட்டி, காகிதத்தில் மடித்துப் பென்சில் டப்பாவில் வைத்தார். "மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒண்ணு போட்டுக்கய்யா. வெறும் வயித்துல போடாத." ஏழாம் வகுப்புப் பையன். மதியம் ஒன்றைப் போட்டுக்கொண்டான். பக்கத்தில் இருந்த சிநேகிதன் தலைவலி என்றதும் இன்னொன்றை நீட்டினான். மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் கண்ணில் பட்டுவிட்டது.

பள்ளி அழைத்தபோது அம்மா அலுவலகத்தில் இருந்தார். விதியில் எழுதியிருந்தபடி, தன்னிடம் வைத்திருந்தது ஒரு குற்றம், கைமாற்றியது இன்னொரு குற்றம். ஐந்து நாள் சஸ்பென்ஷன் என்றார்கள். இந்திய மாத்திரை அட்டையை நர்ஸுக்கு அடையாளம் தெரியவில்லை. குரோசினில் இருப்பதும் டைலனாலில் இருப்பதும் ஒரே மருந்து என்று இணையத்தில் காட்டிய பிறகுதான் அறையில் இறுக்கம் தளர்ந்ததாம்.

"ரெண்டு குரோசினுக்கா இவ்வளவு?" என்று பாட்டி திரும்பத் திரும்பக் கேட்டாராம். "அத்தை, நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலை. இந்த ஊர் விதி உங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று மருமகள் சொல்லியிருக்கிறார். அன்றிரவே அவர் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினார். பையனின் தரப்பைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள், குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள், எந்த விதியின் எந்தப் பிரிவு என்று குறிப்பிடுங்கள். மறுநாள் பையனைக் கேட்டார்கள். உண்மையைச் சொன்னான். ஐந்து நாள் ஒரு நாளாகக் குறைந்தது. கைமாற்றிய குற்றம் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. கடிதம் போகாமல் இருந்திருந்தால் 'மருந்து விநியோகம்' என்ற சொற்கள் அந்தப் பையனின் பள்ளிப் பதிவில் தங்கியிருக்கும்.

*

பள்ளிகளுக்கு மருந்து விதியே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிற வலி மாத்திரை ஆஸ்துமா உள்ள இன்னொரு பிள்ளைக்கு இழுப்பைக் கிளப்பிவிடலாம். நம் ஊர் இருமல் மருந்துகள் சிலவற்றில் கோடீன் உண்டு. அமெரிக்காவில் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள். தெரியாமல் பையில் போட்டு அனுப்பினால் விஷயம் பள்ளியோடு நிற்காமல் போலீஸ் வரை போகும்.

ஒழுங்காக நடக்கிற நர்ஸ் அறை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பூட்டிய அலமாரி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டப்பா, மேலே படம். கவனக்குறைவுக் கோளாறுக்கான மாத்திரைகளை வாங்கும்போதே பெற்றோர் முன்னால் எண்ணி, இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். கொடுத்த நேரம், அளவு, கொடுத்தவர் பெயர் எல்லாம் பேரேட்டில். பிள்ளை விழுங்கும்வரை நர்ஸ் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இப்படி ஓர் அறை இருக்கிற பள்ளியில் விதியைச் சொல்லிப் பெற்றோரைக் கடிந்துகொள்ள முறை உண்டு. முழுநேர நர்ஸே இல்லாத பள்ளிகள் அமெரிக்காவில் ஏராளம். அங்கே மாத்திரையைப் பூட்டிவைப்பவர் அலுவலக எழுத்தர். அவர் மதிய உணவுக்குப் போனால் அலமாரியும் மூடியிருக்கும்.

*

மூச்சு சம்பந்தப்பட்டது என்றால் பூட்டு உயிருக்கே உலை.

கனடாவின் ஒன்டாரியோவில் 2012 அக்டோபரில் ரயன் என்ற 12 வயதுச் சிறுவன் பள்ளியில் ஆஸ்துமா இழுப்பு வந்து இறந்தான். அவனுடைய இன்ஹேலர் அலுவலகத்தில் இருந்தது. கையில் கொடுத்தனுப்பியதையும் பள்ளி வாங்கி வைத்துக்கொண்டது என்றார் தாய். அவர் விடாமல் போராடியதன் பலனாக 2015இல் ரயன் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. ஆஸ்துமா உள்ள பிள்ளை பெற்றோர் அனுமதியோடு இன்ஹேலரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் பள்ளி இடம்கொடுக்க வேண்டும். அதே மாகாணத்தில் 2003இல் உணவு ஒவ்வாமையால் இறந்த சப்ரினா என்ற 13 வயதுச் சிறுமியின் பெயரில் இன்னொரு சட்டம் 2006 தொடக்கத்திலிருந்து நடப்பில் இருக்கிறது. ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் பிராம்டனிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய இரண்டு பெயர்கள் இவை. இரண்டு சட்டங்களுமே ஒரு பிள்ளை போன பிறகு வந்தவை.

அமெரிக்காவில் 2004இல் ஒரு மத்தியச் சட்டம், இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொள்ள மாணவரை அனுமதிக்கும் மாநிலங்களுக்கு ஆஸ்துமா நிதியில் முன்னுரிமை தந்தது. இன்று 50 மாநிலங்களும் அனுமதிக்கின்றன. கடும் ஒவ்வாமைக்கான எபிபென் ஊசிக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். ஆனால் அந்த அனுமதி தானாக வந்துவிடாது. மருத்துவர் எழுதித் தர வேண்டும், பெற்றோர் கையெழுத்திட வேண்டும், பல இடங்களில் பிள்ளைக்குத் தானே போட்டுக்கொள்ளத் தெரியும் என்று நர்ஸ் பார்த்துச் சான்று தர வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். படிவம் இல்லாத இன்ஹேலர் பழைய விதிக்குள் விழுந்து அலமாரிக்குள் போய்விடும்.

நம் ஊரில் அஸ்தாலின் என்ற பெயரில் பழகிய சல்பூட்டமால் சில நிமிடங்களில் வேலை செய்கிற மருந்து. சில நிமிடங்களில் வேலை செய்ய வேண்டுமானால் சில நொடிகளில் கைக்கு வர வேண்டும். மாடியில் வகுப்பு, கீழே அலுவலகம், நடுவில் அனுமதிச் சீட்டு. மூச்சு முட்டுகிற பிள்ளை இதையெல்லாம் கடக்க வேண்டும் என்று விதி எழுதியவர் ஒருமுறை அந்தப் படிகளில் ஏறி இறங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

*

இதே மருந்து விதி சன்ஸ்கிரீனையும் விடவில்லை. வெயில் படாமல் தடவிக்கொள்ளும் களிம்பை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சீட்டில்லா மருந்து என்ற வகையில் வைத்திருக்கிறது. அதனால் பல பள்ளிகளில் அதற்கும் மருத்துவர் சீட்டு கேட்டார்கள். பாலைவன மாநிலமான அரிசோனா 2017இல்தான் தனிச் சட்டம் போட்டு மாணவர்களை விடுவித்தது.

*

உடல், மனக் குறைபாடு காரணமாகச் சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளுக்கு அமெரிக்க மத்தியச் சட்டத்தில் கூடுதல் காப்பு உண்டு. இதைப் பலர் அறியாததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அந்தச் சட்டப்படி, பத்து நாளுக்கு மேல் வெளியே அனுப்பும் முன், பிள்ளையின் நடத்தை அதன் குறைபாட்டால் விளைந்ததா என்று பெற்றோரும் சேர்ந்த குழு கூடிப் பார்க்க வேண்டும். போதைப்பொருள் வைத்திருந்தால் 45 பள்ளி நாட்கள் வரை வேறிடத்துக்கு மாற்றலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. பள்ளிகள் எடுத்துக் காட்டுவது இதைத்தான். ஆனால் மருத்துவர் கண்காணிப்பில் சட்டப்படி உட்கொள்கிற மருந்து அந்த விலக்கில் சொல்லப்படும் போதைப்பொருள் ஆகாது என்று அதே சட்டம் சொல்கிறது. கவனக்குறைவுக் கோளாறுக்கான தன் சொந்த ரிட்டலின் மாத்திரையைச் சட்டைப்பையில் மறந்து கொண்டுவந்த பிள்ளை பள்ளியின் மருந்து விதியை மீறியிருக்கலாம், அந்த 45 நாளுக்கு உரியவன் அல்ல. கூட்டத்தில் பெற்றோர் இந்த ஒரு வரியை எடுத்துச் சொன்னாலே பேச்சின் போக்கு மாறும்.

அந்தச் சட்டத்தின் 2004 திருத்தத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. இந்த மாத்திரை சாப்பிட்டால்தான் உன் பிள்ளை வகுப்புக்கு வரலாம் என்று கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைப் பள்ளி நிபந்தனையாக்க முடியாது. அது மருத்துவரும் குடும்பமும் முடிவு செய்வது.

*

காலம் எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு ஒன்று. ஃபென்டனில் என்ற போதைமருந்து கலந்த போலி மாத்திரைகளால் பதின்வயதுப் பிள்ளைகள் இறக்கத் தொடங்கியதும், லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் 2023 தொடக்கத்தில், நலாக்சோன் என்ற முறிமருந்தை மாணவர்கள் தங்களிடமே வைத்துக்கொள்ள அனுமதித்தது. அதற்கு முந்தைய செப்டம்பரில் அந்த மாவட்டத்தின் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் வளாகத்திலேயே 15 வயது மாணவி இறந்திருந்தாள். மயங்கி விழுந்த சிநேகிதனின் மூக்கில் மருந்தைத் தெளிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை வைக்க முடிந்தவர்கள், மாதவிடாய் வலிக்கு ஒரு மாத்திரை வைத்திருக்கும் பெண்ணையும் நம்பலாம்.

*

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு என் வேண்டுகோள். பள்ளி திறக்கும் முன் மாணவர் கையேட்டில் மருந்துப் பகுதியை ஒருமுறை படியுங்கள். ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ இருந்தால், கையில் வைத்துக்கொள்ளும் அனுமதிப் படிவத்தை மருத்துவரிடம் இந்த ஆண்டுக்கும் கேட்டு வாங்குங்கள். ஊரிலிருந்து வந்த மாத்திரை வீட்டோடு இருக்கட்டும். தாத்தா, பாட்டி வந்திருந்தால் அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், அவர்கள் அன்பினால் செய்வது பிள்ளைக்கு வினையாகக் கூடாது.

பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். மாத்திரையை யாரிடமும் வாங்காதே, யாருக்கும் கொடுக்காதே. கூப்பிட்டு விசாரித்தால் பொய் சொல்லாதே. பையைத் திறக்கச் சொன்னால் தடுக்காதே, விருப்பம் இல்லையென்றால் 'எனக்குச் சம்மதம் இல்லை' என்று வாயால் மட்டும் மரியாதையாகச் சொல். ஆடையைக் களையச் சொன்னால் கண்டிப்பாக மறுத்து, அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று கேள். விசாரிக்கும் முன் பெற்றோரை அழைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான இடங்களில் பள்ளிக்கு இல்லை. கேட்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. கேட்டது மறுக்கப்பட்டால், மறுத்தார்கள் என்பதும் பின்னால் விசாரணையில் பேசும்.

சஸ்பென்ஷன் கடிதம் வந்தால் அன்றைக்கே எழுத்தில் பதில் அனுப்புங்கள். மேல்முறையீட்டுக்குப் பல மாவட்டங்களில் சில நாட்களே அவகாசம்.